ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

ஏப்ரல் 3, 2019

புது ஆம்ப்ளிஃபையர் வந்தது. புது என்றால் எனக்குத்தான் புது. அதற்கு என்னைவிட ஒரு வயது அதிகம். முப்பத்தெட்டு கிலோ. லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்ததால் மூன்று மாடியும் படியில் ஏற்றினேன். இது என் ஐந்தாவது ஆம்ப். முந்தைய நான்கும் "இதுதான் அந்தச் சத்தம்" என்ற உத்தரவாதத்தோடுதான் வந்தன.

அந்தச் சத்தம்: 1979, ‘ஆறாம் படித்துறை’ குழுவின் ‘படகுக்காரன் வரவில்லை’ பாட்டில் அடியில் ஓடும் பேஸ் கிட்டார். வாசித்தவர் ஜிவான் ப்ரொதானொவ். குட்டையாக, தடிமனாக, ஈரமண்ணில் செங்கல் விழுகிற மாதிரி. பதினாலு வயதில் அதைக் கேட்டேன். அன்றே, காதில் விழக்கூடிய வாத்தியங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது நாற்பத்தாறு. அந்தச் சத்தம் ஒரு நாள்கூட என் கையில் வந்ததில்லை.

செப்டம்பர் 7, கோட்டை மேடையில் அந்த இசைத்தட்டின் நாற்பதாம் ஆண்டு விழா. முழுத் தட்டையும் எங்கள் குழுதான் வாசிக்கிறது. நெபோய்ஷா (கிட்டார், தலைமை, அபிப்பிராயங்கள்) தன் நாயைக்கூட ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவான். பெண்ணான எனக்கும் அதே மரியாதை.

"தம்பி, மத்ததெல்லாம் சரி. அந்தப் பாட்டுல மட்டும் உன் பேஸ் பக்கத்து வீட்ல ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி ஃப்ரிட்ஜ்?"

"ஜூலை மொத வாரத்துக்குள்ள அந்தச் சத்தம் வரணும். இல்லன்னா அந்த ஒரு பாட்டுக்கு பெல்கிரேட்லேர்ந்து ஆள் எறக்கறேன். அவன்கிட்ட ஆறு தந்தி இருக்கு."

என்னிடம் நாலு. அதிலும் இரண்டைத்தான் உபயோகிக்கிறேன்.

ஏப்ரல் 9

பேஸ் வாசிப்பவர்களின் இணைய மன்றத்தில் ப்ரொதானொவ் சத்தம் பற்றிய விவாதம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தொட்டது. பதினோரு வருடமாக நடக்கிறது. இன்றைய நிலவரம்:

கிழக்கு ஜெர்மனி ஆம்ப்ளிஃபையர் கட்சி இன்னும் பெரும்பான்மை. அந்த ஆண்டு வெள்ளத்தில் கிட்டார் நனைந்ததால் மரம் ஊறிவிட்டது என்பவர்கள் இரண்டாம் இடம். அவர் தந்திகளைப் பன்றிக்கொழுப்பில் பொரித்தார் என்று சுபோடிட்சாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தன் மாமா பார்த்ததாம். பல் மருத்துவர் ஒருவர் பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, ப்ரொதானொவின் ஆள்காட்டி விரல் தந்தியைத் தொடும் கோணம் இருபத்திரண்டு டிகிரி என்று அளந்திருக்கிறார்.

எல்லாரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று: விரலால் வாசித்தார். எல்லாப் படத்திலும் விரல்தான். விரலுக்குப் பதில் பிளாஸ்டிக் பிக்கால் சுண்டுகிற ஆட்களை மன்றத்தில் சேர்ப்பதில்லை. நானும்தான் இருபது வருடமாக அப்படிப்பட்டவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு டிகிரியில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வலிக்கிறது.

ஏப்ரல் 14

தந்திகளைக் கழற்றிப் பானையில் போட்டு இருபது நிமிடம் வேகவைத்தேன். அழுக்குப் போய் புதுசு மாதிரி ஆகும் என்பார்கள். ஆனது. எனக்கு வேண்டியது பழைய சத்தம் என்பது தந்தி வெந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 27

கீழே கதவருகே கட்டட நிர்வாகி ரோசாண்டாவின் அறிவிப்பு. அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அதனால் எண்கள் போட்டு எழுதுவாள். முதலாவது: பால்கனியில் புறாவுக்கு ரொட்டி போடக்கூடாது. இரண்டாவது: மூன்றாம் மாடியிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு ‘உறுமல்’ வருவதாகவும், அது ஒரே எட்டு சுரங்களைத் திரும்பத் திரும்ப உறுமுவதாகவும் இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்தவர் எழுத்து மூலம் புகார் தந்திருக்கிறார். மே 19 குடியிருப்போர் கூட்டத்தில் விவாதிக்கப்படும்.

எட்டு சுரம் என்று எண்ணிப் புகார் கொடுக்கிற மனிதன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

மே 6

புகார்க்காரரைச் சமாதானப்படுத்த கசகசா ரோல் வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். கதவில் பெயர்ப்பலகை இல்லை. வழுக்கை, தொப்பை, செருப்போடு ஒருவர் திறந்தார். அந்த முகத்தை முப்பத்திரண்டு வருடமாக என் சுவரில் பார்த்து வருகிறேன். முடி மட்டும்தான் இல்லை.

"நீங்க... ஜிவான் ப்ரொதானொவ்."

"மேல உறுமறது நீதானா?" என்றார். ரோலை வாங்கிக்கொண்டார்.

இருபது வருடம் தரை ஓடு வியாபாரம். மனைவி போனபின் பெரிய வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்திருக்கிறார். கிட்டார் கிடையாது. விழாவைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையையே மாற்றியது அந்தப் பாட்டுதான் என்றும் சொன்னேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

"பாரும்மா, நீ என்ன வேணா வாசி. போல்கா வாசி, தேசிய கீதம் வாசி. அந்தப் பாட்டு மட்டும் வேணாம்."

"ஏன் சார்?"

"வேணாம்."

எவ்வளவு அடக்கம்.

மே 7

அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தை இன்னொருவர் பெயரில் பதிவு செய்துவிட்டேன். நில அளவைப் பதிவு அலுவலகத்தில் இப்படி நடப்பது முதல் தடவை என்று சொல்ல முடியாது.

மே 19

கூட்டம். சைக்கிள் அறையில் பதினாலு பேர் நின்றுகொண்டே. லிஃப்ட் பற்றி நாற்பது நிமிடம், முடிவு இல்லை. புறா பற்றி இருபது நிமிடம், கண்ணீர். பிறகு நான்.

ரோசாண்டா: "யத்ராங்கா, கண்ணு, உன்மேல யாருக்கும் கோவமில்ல. ஆனா எங்க வீட்டு அலமாரில கிளாஸெல்லாம் தானா நடக்குது."

ஆம்புக்கு அடியில் ரப்பர் போடுகிறேன் என்றேன். ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் என்றேன். எல்லாரும் ப்ரொதானொவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "வாசிக்கட்டும். அந்த ஒரு பாட்டத் தவிர" என்றார்.

வாக்கெடுப்பு: பதினொன்று, மூன்று. இந்தக் கட்டடத்தில் ‘படகுக்காரன் வரவில்லை’ தடைசெய்யப்பட்டது. ஆட்சிகள் மாறின, நாடே ஐந்தாறாக உடைந்தது, எந்த அரசாங்கத்துக்கும் இந்தப் பாட்டைத் தடைசெய்யத் தோன்றியதில்லை. சைக்கிள் அறையில் பதினொரு பேர் அதைச் சாதித்தார்கள். முன்மொழிந்தவர், அதை வாசித்தவர்.

ஜூலைக்கு இன்னும் ஆறு வாரம்.

ஜூன் 11

தாங்க முடியவில்லை. கீழே போனேன். கையில் ரோல் இல்லை.

"சார், இந்தப் பாட்டு இல்லன்னா என்னத் தள்ளிட்டு வேற ஆளப் போடுவாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், எப்படி வாசிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறம் வீட்ல உறுமறதையே நிறுத்திடறேன்."

அவர் இரண்டு சின்னக் கிளாஸில் ராக்கியா என்கிற பழச்சாராயம் ஊற்றினார். ஒன்றைக் குடித்தார். என்னுடையதையும் குடித்தார்.

"நான் அத வாசிக்கல."

அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துவிட்டதாக நானே நடிக்கக்கூடாது என்பதற்காக. 1979 மார்ச்சில் அவர் நிஷ் நகரத்தில் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார், சமையற்கூடத்தில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு. மற்ற ஒன்பது பாட்டும் அவர் போகுமுன்பே பதிவாகிவிட்டன; மீதியிருந்த இந்த ஒன்றுக்கு, குழுவுக்கு வானொலி நிலையத்தில் இரண்டே நாள் ஒலிப்பதிவு இடம் கிடைத்தது. மறுத்தால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வானொலியின் தம்புரிட்சா என்ற நாட்டுப்புறத் தந்தி வாத்தியக் குழு அப்போதுதான் தன் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறது. அதில் பெர்தே வாசிப்பவரை, ஆள் உயரத்தில் நிற்குமே அந்தப் பெரிய வாத்தியம், நடைவழியில் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். ஒரே மத்தியானம்.

"லீவுல வந்தேன். கடைல தட்டு தொங்குது. அட்டைல எம் பேரு, எம் படம். மறுநாளே சொல்லிடணும்னு நெனச்சேன். அன்னிக்கி சாயங்காலம் ஒரு பொண்ணு வந்து, நீங்க வாசிச்சதக் கேட்டு அழுதேன்னா."

"அப்புறம்?"

"அவளக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

மேடையில் வாசித்தபோது தட்டில் இருக்கிற மாதிரி வரவில்லையே என்று கேட்டவர்களிடம் அரங்கத்தின் எதிரொலி சரியில்லை என்றார்களாம். இரண்டு வருடத்தில் குழு கலைந்தது. எதிரொலி சரியான அரங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை.

யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கேட்டார். கொடுத்தேன். பதிலுக்குத் தடையை நீக்கிக்கொள்வதாகச் சொன்னார். அந்த மனிதரின் பெயர் ஃபெரி என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம்.

ஜூன் 12

இருபத்திரண்டு டிகிரி.

ஜூன் 22

ஃபெரியைக் கண்டுபிடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. தம்புரிட்சாக்காரர்கள் மத்தியில் விசாரித்தால் போதும். அவர்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் தேவைப்படுவதில்லை. எழுபத்தெட்டு வயது, எல்லாருக்கும் ஃபெரி பாச்சி, பெரியப்பா என்கிற மாதிரி. டான்யூப் கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சனிக்கிழமைதோறும் மத்தியானம் ஆறு பேர் குழுவோடு வாசிக்கிறார். நான் போனபோது இடைவேளை. முன்னால் மீன் சூப். முகத்தைவிட அதிகம் சிவந்திருந்தது.

"பாச்சி, எழுபத்தொன்பதுல வானொலி நிலையத்துல நீளமுடிக்காரப் பசங்களோட ஒரு பாட்டுக்கு வாசிச்சீங்களா?"

"வாசிச்சிருப்பேன். கூப்டா போவோம்."

"பேஸ் கிட்டார் குடுத்தாங்களா?"

"ஆமா, ஒரு பலகை குடுத்தானுங்க. தோள்ல மாட்டிக்கன்னானுங்க. நான் என்ன தபால்காரனா? மடில வச்சுக்கிட்டேன்."

"எப்படி வாசிச்சீங்க? விரலாலயா?"

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "விரலாலயா? எதுக்கு? விரல் ஊறுகா தின்ன இருக்கு." சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். கட்டைவிரல் அளவில் ஒரு தோல் துண்டு, கறுத்து, ஓரம் மழுங்கி. குதிரைச் சேணத்திலிருந்து வெட்டியது. பெர்தே வாசிக்கிறவர்கள் எல்லாரும் இதை வைத்துத்தான் அடிக்கிறார்கள். சத்தம் வந்தவுடனே உள்ளங்கையால் அமுக்கிக் கொன்றுவிட வேண்டுமாம். "மேல சின்ன வாத்தியம் பேசணும்ல. நீ சொல்லிட்டு வாய மூடிக்கணும்."

நாற்பது வருடமாக இந்த நாட்டில் பேஸ் வாசிக்கிற ஒவ்வொருவனும் அவருடைய அந்த ஒரு மத்தியானத்தைத்தான் நகல் எடுக்கப் பார்க்கிறான் என்று சொன்னேன். பல் மருத்துவர் உட்பட.

"அப்படியா" என்றார். "அந்த மொளகா இப்டித் தள்ளு."

ஜூன் 25

செருப்புத் தைப்பவரிடம் போய்ப் பழைய பெல்ட் ஒன்றில் தோல் வெட்டி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "எங்க அப்பா பெர்தேக்காரங்களுக்கு வருஷத்துக்கு நூறு வெட்டுவாரு" என்றார். அவரையாவது மன்றத்தில் சேர்த்திருக்கலாம்.

மாலை ஐந்து மணி. வேகவைத்த தந்தி, முதன்முதலில் வாங்கிய பொம்மை மாதிரி சின்ன ஆம்ப். தோலால் அடித்து, கையால் அமுக்கினேன்.

வந்தது.

ஐந்து ஆம்புகள், மொத்தம் நூற்று நாற்பது கிலோ. விடை நாலு கிராம்.

பாட்டு முடிகிற வரை நிறுத்தவில்லை. நிறுத்தியபோது கதவில் தட்டல். ப்ரொதானொவ், செருப்புகூட இல்லாமல்.

"இதான்" என்றார். அவ்வளவுதான். படியில் இறங்கிப் போனார்.

அழுதேனா? கொஞ்சம். ரப்பர் போட்டிருந்ததால் கீழே கேட்டிருக்காது.

ஜூலை 4

ஒத்திகை. நான் பையிலிருந்து தோலை எடுத்ததும் நெபோய்ஷா, "என்ன தம்பி, மதியச் சாப்பாடா?" என்றான். வாசித்தோம். முடிந்தது. டிரம்மர் செடா குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"இதான் தம்பி. இதேதான்" என்றான் நெபோய்ஷா. அவன் குரலில் மரியாதை கேட்டது பதினாறு வருடத்தில் முதல் தடவை. நாற்பது விநாடி அனுபவித்தேன்.

"பாவம், உனக்கு லேட்டாயிடுச்சு" என்றான் அடுத்தபடி. "ப்ரொதானொவ் உன் கீழ்வீட்லதான் இருக்காராமே, செடா சொன்னான். நகராட்சி ஆளோட நேத்தே போய்ப் பாத்துட்டேன். விழாவுல அவருக்கு நினைவுப் பலகை குடுக்கறாங்க. அந்தப் பாட்ட அவரே வாசிக்கறாரு."

"ஒத்துக்கிட்டாரா?"

"நகராட்சி ஆளு எதிர்ல உக்காந்திருந்தாரு. ஒத்துக்காம?"

பெல்கிரேட் ஆறு தந்திக்காரனுக்குப் பயந்தேன். கடைசியில் என் இடத்தை எடுத்துக்கொண்டது நிஷ் நகரத்து உருளைக்கிழங்கு.

சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கு என்பது எவ்வளவு வசதியில்லாத சமாச்சாரம்.

ஜூலை 5

வேறு எல்லாப் பாட்டும் எனக்குத்தான். யாரும் கேட்கக் காத்திருக்காத ஒன்பது பாட்டு.

ஆகஸ்ட் 12

இரவல் கிட்டார் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ப்ரொதானொவ் வாசலில் நின்றார்.

"யத்ராங்கா, எனக்கு அதச் சொல்லிக்குடு."

"எத?"

"அட, அதத்தான்."

என் சுவரில் அவர் படம் இருந்த இடத்துக்கு நேர் கீழே அவரை உட்காரவைத்து, அவர் புகழ்பெற்ற பாட்டை அவருக்கே கற்றுக்கொடுத்தேன். படத்தை முந்தின நாள்தான் கழற்றினேன். மரியாதைக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24

பன்னிரண்டு நாள். எட்டு சுரத்தில் ஐந்து வருகிறது. ஒவ்வொரு நாளும் வேறு ஐந்து. தோலைத் தொட மாட்டேன் என்கிறார். எல்லாப் படத்திலும் விரல் இருக்கும்போது மேடையில் தோலோடு நின்றால் கேள்வி வருமாம். நியாயம்தான், பொய்க்கும் ஒரு தொடர்ச்சி வேண்டாமா.

இன்று கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் முன்னாடி நிக்கறேன். நீ பின்னாடி உக்காந்து வாசி."

"என்னது?"

"ஒரே ஒரு பாட்டுதான்மா. எனக்கு வேற வழி தெரியல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாலையே நெபோய்ஷாவிடமிருந்து ஃபோன். என்னைவிட வேகமாக யோசித்திருந்தான். "தம்பி, அவருக்குக் கை வலியாம். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால ஒரு நாக்காலி போட்டுடலாம். யாருக்கும் தெரியாது. பேஸ் வாசிக்கறவங்களுக்கு இதொண்ணும் புதுசில்லயே."

ஆகஸ்ட் 26

ஒத்துக்கொண்டேன். ஏன் என்று எழுத உட்கார்ந்தால் நிறைய உன்னதமான காரணங்கள் வருகின்றன: கிழவரின் மானம், குழுவின் பெயர், கலை. எல்லாம் பொய். அந்தச் சத்தம் ஒரு தடவை, கோட்டைச் சுவரில் மோதுகிற அளவுக்குப் பெரிதாக, என் கையிலிருந்து வர வேண்டும். கேட்க வேண்டும். அவ்வளவுதான். என் பெயரில் வராவிட்டால் — வராவிட்டால் என்ன, ஃபெரி பாச்சி சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்?

இப்படி எழுதிய பிறகும் வயிறு எரிகிறது.

செப்டம்பர் 7

மாலை ஏழு. மூவாயிரம் பேர் என்றார்கள். ஒன்பது பாட்டு வெளிச்சத்தில் நின்று வாசித்தேன். முதல் வரிசையில் ஒருத்தி மொபைலில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நினைவுப் பலகை, நகராட்சிப் பேச்சு, எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்தச் சந்தடியில் நான் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மடக்கு நாற்காலி, ஒரு கால் ஆடியது. ப்ரொதானொவின் கிட்டாரிலிருந்து வந்த ஒயர் என் காலடியில் ஒரு நாடாத் துண்டில் முடிந்தது. எதிலும் செருகப்படாமல்.

எனக்குத் தெரிந்தது பெட்டியின் முதுகும், செடாவின் வலது காலும் மட்டும். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

சத்தம் முன்பக்கமாக வெளியே போய், எதிர்ச்சுவரில் பட்டு, கொஞ்சம் தாமதமாக என்னிடம் திரும்பி வந்தது. ஒவ்வொரு சுரமும் நெஞ்செலும்பில் விழுந்தது. முப்பத்திரண்டு வருடம் கேட்ட அதே சத்தம். பக்கத்தில் யாரும் இல்லாததால் சிரித்தேன்.

முடிந்ததும் மூவாயிரம் பேரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் கத்தவில்லை. நாற்காலியை மடக்கினேன்.

செப்டம்பர் 9

மன்றம், பக்கம் இருநூற்று முப்பது. பல் மருத்துவர் முதல் வரிசையிலிருந்து படம் பிடித்திருக்கிறார். "விவாதம் முடிந்தது. விரல்தான். இருபத்திரண்டு டிகிரி. அந்தக் கைக்கு மட்டுமே வரும் சத்தம் இது." நானூறு பேர் பாராட்டியிருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனி கட்சி சரணடைந்துவிட்டது. அதே மேடையில் மற்ற ஒன்பது பாட்டுக்கு வாசித்த பெண்மணி பற்றி ஒரு வரி: பாவம், வித்தியாசம் தெரிந்ததாம்.

ஊர்ப் பத்திரிகையில் ப்ரொதானொவ் பேட்டி. அந்த எட்டு சுரங்கள் எப்படிப் பிறந்தன? "ஒரு மார்ச் மாதக் காலை. ஆற்றில் மூடுபனி. படகு ஒன்று கரையை மெதுவாக இடித்துக்கொண்டிருந்தது..."

நிஷ் நகரத்துச் சமையற்கூடத்தில் படகு இருந்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 15

படியில் எதிரே வந்தார். இரண்டு கையிலும் பை. ஒதுங்க வழியில்லை.

"பேட்டி படிச்சியா?"

"படிச்சேன்."

"அந்தப் பையன் கேட்டுக்கிட்டே இருந்தான். ஏதாவது சொல்ல வேண்டியிருந்துச்சு." கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "மேடைல வச்சே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

அவர் எதிர்பார்த்தது வேறு பதில் என்று நினைக்கிறேன். பரவாயில்லை சார், விடுங்க சார் என்கிற மாதிரி. என்னிடம் அது இருந்தது. கொடுக்கவில்லை.

செப்டம்பர் 28

நெபோய்ஷா ஃபோன். விழா வெற்றி. சரயேவோவிலும் கூப்பிடுகிறார்கள், ஜாக்ரெபிலும்.

"அதே ஏற்பாடுதான் தம்பி. அவரு முன்னாடி, நீ பின்னாடி. நாக்காலி நல்லதா ஒண்ணு வாங்கிடலாம், முதுகு சாயற மாதிரி."

"முடியாது நெபோய்ஷா."

"என்ன, கோவமா? பேஸ்ல யாரு வாசிச்சா என்ன, பாட்டு நல்லா வந்தா சரி."

"சரியாச் சொன்ன. வேற யாரயாவது உக்காத்தி வை."

பதினாறு வருடம். மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆம்புகளை விற்கப் போட்டிருக்கிறேன். விளம்பரத்தில் "அந்தச் சத்தம் வரும்" என்று எழுதவில்லை. அதனாலோ என்னவோ இதுவரை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 5

சனிக்கிழமை மத்தியானம், ஆற்றங்கரைக் கடை. நடந்ததையெல்லாம், பெயரை மட்டும் சொல்லாமல், ஃபெரி பாச்சியிடம் சொன்னேன். வாக்கு? அவருக்குச் சொல்லாமல் இருக்கவேண்டும் என்று அதில் இல்லை, அவர்தானே அது. மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு மொழங்கால் எப்படி?"

"என்னோட மொழங்காலா? நல்லாருக்கு."

"எனக்குப் போச்சு. இத வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் நிக்க முடியல. நான் உக்காந்து சின்னது ஏதாவது வாசிக்கறேன். பெர்தேக்கு ஆள் வேணும்."

"நான் பெர்தே வாசிச்சதே இல்ல பாச்சி."

"நான் மட்டும் அந்தப் பலகைய வாசிச்சிருந்தேனா?" ரொட்டியைப் பிய்த்தார். "ஒண்ணு சொல்லிடறேன். இங்க ஒளிஞ்சு வாசிக்க எடமில்ல. நடுவுல நிக்கணும், கல்யாணம்னா பொண்ணப் பாத்து."

அக்டோபர் 19

பெர்தேயின் உயரம் என்னைவிட ஒரு சாண் அதிகம். தந்திகள் இழுத்துக் கட்டியிருக்கும் முறையே வேறு. மூன்றாம் பாட்டில் தொலைந்துபோனேன். ஃபெரி பாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாக, "அடிச்சுட்டு வாய மூடு, அடிச்சுட்டு வாய மூடு" என்றார். அதைப் பாட்டின் வரி என்று நினைத்து இரண்டு விருந்தாளிகள் கூடப் பாடினார்கள்.

நவம்பர் 2

விரல்களில் கொப்புளம். எட்டில் ஏழு பாட்டு தடுக்காமல் போனது.

நவம்பர் 16

மத்தியானம் கல்யாணம். நூற்று எண்பது பேர், வெளியே மழை, உள்ளே மிளகாயும் ஈரக்கோட்டும் வாசனை. இரண்டாம் சுற்றில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர், அறுபது வயதிருக்கும், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அம்மா, ‘படகுக்காரன் வரவில்லை’ தெரியுமா? எங்க காலத்துப் பாட்டு."

தம்புரிட்சாக்காரர்களுக்குத் தெரியாத பாட்டு கிடையாது. முதல் வாத்தியக்காரர் தலையசைத்தார், ஆரம்பித்தோம். நடுவில் நின்றேன். தோலால் அடித்து, அமுக்கி, அடித்து. பெர்தேயின் வயிறு என் இடுப்பில் அதிர்ந்தது. மாமா அசையாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

முடிந்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா ப்ரொதானொவ் மாதிரி வராது. அது அவரு விரல்ல இருக்கு."

"வராதுதான்" என்றேன்.

அவர் போனபின் ஃபெரி பாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து என் பக்கம் சாய்ந்தார்.

"யாரு அது, ப்ரொதானொவ்?"

"என் கீழ்வீட்டுக்காரர் பாச்சி."